வாடையும் சோழகமும் உழும் கடல்

பங்குனி மாதத்து முற்பகலில் முல்லைத்தீவுக் கரையில் நின்று பார்த்தால், கடல் அலையடங்கி, தூரம் போகப் போகக் கருநீலமாகத் தெரியும். வெளியூரிலிருந்து வருபவர்கள் நின்று படம் எடுத்துக்கொள்ளும் காட்சி அது. கடலின் கணக்கில் அந்த நீலம் வறுமையின் நிறமாகும். நீரில் மிதக்கும் நுண்தாவரங்கள் பெருகியிருந்தால் அவற்றின் பச்சையம் நீல ஒளியை உறிஞ்சிக்கொள்ள, நீர் பச்சை கலந்து மங்கிவிடும். அவை அருகிப்போன இடத்தில்தான் நீலம் தடையின்றித் திரும்பி வந்து நம் கண்ணை எட்டுகிறது.

நீரோட்டத்தை எதிர்த்து நீந்த வலுவில்லாமல் அதன் போக்கிலேயே அலையும் உயிர்கள் அனைத்தையும் சேர்த்து மிதவையுயிர்கள் என்கிறோம்; பாடநூல்களில் பிளாந்தன் என்று படித்திருப்போம். ஜெர்மானிய உடற்றொழிலியலாளர் விக்டர் ஹென்சன் 1887இல் வழக்கில் விட்ட பெயர் அது. உருவத்தின் அளவு இங்கே பொருட்டல்ல. கண்ணுக்குத் தெரியாத பற்றீரியாவும், கரைவலையில் கூடை கூடையாக வந்து கையை அரிக்கும் சொறி என்னும் ஜெலிமீனும் ஒரே கூட்டத்தைச் சேர்ந்தவையே. இவற்றுள் ஒளித்தொகுப்புச் செய்யும் தாவரவகை உயிர்கள், உலகில் ஆண்டுதோறும் உருவாகும் தாவர விளைச்சலில் ஏறத்தாழப் பாதியைத் தாமே உருவாக்குகின்றன. சூடையும் சாளையும் நெத்தலியும் இவற்றையோ, இவற்றைத் தின்னும் சிறு விலங்குகளையோ செவுள்முட்களால் வடித்தெடுத்தே வளர்கின்றன.

வன்னியின் இரு பக்கக் கடல்களிலும் ஆண்டு முழுவதும் வெயில் உண்டு. மேற்பரப்பு நீரின் வெப்பநிலையும் பெரும்பாலும் 27 முதல் 30 பாகை செல்சியசுக்குள்ளேயே நிற்கிறது. அப்படியிருந்தும் நுண்தாவரங்கள் ஏன் எப்போதும் செழிப்பதில்லை? விடை, சித்திரை மாதத்தில் குளத்தில் இறங்கிக் குளித்த எவருக்கும் காலில் பட்டிருக்கும். மார்பளவு நீரில் நிற்கும்போது தோளில் படும் நீர் வெதுவெதுப்பாகவும் பாதத்தில் படும் நீர் குளிர்ச்சியாகவும் இருக்கும். சூடான நீர் எடை குறைந்து மேலே மிதக்க, குளிர்ந்த நீர் அடியில் தங்கிவிடுவதால் இரண்டும் எளிதில் கலப்பதில்லை. கடலிலும் இதுவே பெரிய அளவில் நடக்கிறது. வங்கக்கடலில் மேற்பரப்பில் 28, 29 பாகையாக இருக்கும் நீர், 200 மீற்றர் ஆழத்துக்குள் 15 பாகை அளவுக்கு இறங்கிவிடுகிறது. இந்தச் செங்குத்தான இறக்கத்தை வெப்பச்சரிவுப் படை என்பர். ஒளி மேலே இருக்கிறது. நைத்திரேற்று, பொசுபேற்று, சிலிக்கேற்று ஆகிய பசளைகள், செத்த உயிர்களும் கழிவும் அடிநோக்கிச் சென்று சிதைவதால், கீழே குவிந்து கிடக்கின்றன. நடுவில் இந்தப் படை ஒரு மூடிபோல நிற்கிறது. மூடி திறக்கும்போது கடல் விளைகிறது. திறக்காத மாதங்களில், மேல்நீரில் நைத்திரேற்றை அளந்தால் கருவி ஏறக்குறையச் சுழியத்தையே காட்டும்.

இந்தப் பிளவே எந்த ஆழத்தில் எந்த உயிர் வாழும் என்பதைத் தீர்மானிக்கிறது. பசளை அற்ற மேல்நீரில் பெரிய உடல் ஒரு சுமையாகும். உருவம் சிறுக்கச் சிறுக்க, கொள்ளளவோடு ஒப்பிடும்போது மேற்பரப்பு கூடுவதால், அரிதாகக் கிடைக்கும் பசளையைச் சிறிய கலம் விரைவாக ஈர்த்துக்கொள்கிறது; அது மூழ்குவதும் மெதுவாகவே நடக்கிறது. புரோக்குளோரோகொக்கஸ் என்னும் சயனோபற்றீரியாவின் (ஒளித்தொகுப்புச் செய்யும் பற்றீரியா வகை) விட்டம் ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடவும் குறைவு. வெப்பக் கடல்களில் ஒரு மில்லிலீற்றர் நீரில் இது ஒரு லட்சம் வரை இருக்கக்கூடும். வலைக்கண்களில் தங்காமல் நழுவிவிடும் இந்த உயிரை, அமெரிக்கக் கடலியலாளர் சாலி சிஷோமும் அவருடைய குழுவினரும் லேசர் ஒளியால் கலங்களை எண்ணும் கருவியைக் கப்பலில் ஏற்றிச் சென்று, 1980களின் பிற்பகுதியில்தான் கண்டறிந்தார்கள். உலகிலேயே எண்ணிக்கையில் மிகுந்த ஒளித்தொகுப்பு உயிர் அதுவரை யாருக்கும் தெரியாமல் இருந்தது என்பதை இன்று படித்தாலும் வியப்பாகவே இருக்கிறது.

இதே உயிருக்குள்ளும் ஆழத்துக்கேற்ற பிரிவுகள் உண்டு. மேல்நீரின் கடும் வெயிலைத் தாங்கும் வகை ஒன்று; நூறு மீற்றருக்கும் கீழே எஞ்சியிருக்கும் மங்கிய நீல ஒளியை மிச்சமின்றிப் பிடிக்குமளவுக்கு நிறப்பொருளைக் கூட்டிக்கொண்ட வகை மற்றொன்று. ஆகவே திறந்த வெப்பக் கடலில் பச்சையம் மிகுதியாகக் காணப்படும் இடம் மேற்பரப்பு அல்ல. மேலிருந்து வரும் ஒளியும் கீழிருந்து கசியும் பசளையும் ஓரளவேனும் சந்திக்கும் ஆழத்தில், வங்கக்கடலில் பெரும்பாலும் 40 முதல் 80 மீற்றர் வரையிலான நீரில், ஒரு பச்சைப் பட்டை மறைந்திருக்கிறது. செயற்கைக்கோள்கள் மேல்நீரின் நிறத்தை மட்டுமே பார்ப்பதால் இந்தப் பட்டை அவற்றின் கணக்கில் பெரும்பாலும் விழுவதில்லை.

விலங்குவகை மிதவையுயிர்களுக்கு ஆழம் என்பது நேரத்தையும் பொறுத்தது. இவற்றுள் பெரும்பான்மை துடுப்புக்காலிகள்; அரிசியின் குறுணையைவிடச் சிறிய இறால் இனத்து உறவினர்கள். மன்னார்த் தீவின் பேசாலைக்கு அப்பால் வடகடலில், மெல்லிய நைலோன் துணியில் தைத்த கூம்பு வலையை வள்ளத்தின் பின்னால் சிறிது நேரம் இழுத்து, அடியில் தங்கும் கலங்கலில் ஒரு துளியைப் பாடசாலை நுணுக்குக்காட்டியில் வைத்தால், இரண்டு நீண்ட உணர்கொம்புகளைப் பக்கவாட்டில் விரித்தபடி, தலையின் நடுவே ஒற்றைச் சிவப்புக் கண்ணுடன் விட்டுவிட்டுத் துள்ளுவது அதுவாகத்தான் இருக்கும். அருகே கண்ணாடிச் சில்லுபோல வட்டமாகவும், முள் நீட்டிய சங்கிலியாகவும் அசைவற்றுக் கிடப்பவை, சிலிக்கா ஓட்டுக்குள் வாழும் நுண்தாவரங்களான தயற்றங்கள். உடலின் ஊடாக மறுபக்கம் தெரியும் ஊசிபோன்ற அம்புப்புழு ஒன்றும் இருந்தால், அது துடுப்புக்காலியைத் தேடித்தான் அங்கே வந்திருக்கிறது.

ஆழமான கடலில் இதே வலையைப் பகலில் இழுத்தால் கிடைப்பது சொற்பமாகவும், இரவில் இழுத்தால் பல மடங்காகவும் இருக்கும். துடுப்புக்காலிகளும் இறால்போன்ற பிற உயிர்களும் பொழுது சாயும்போது மேலே ஏறி, இருளில் மேய்ந்து, விடியுமுன் கீழே இறங்கிவிடுகின்றன; வெளிச்சத்தில் மேலே நின்றால் மீனின் கண்ணில் பட்டுவிடும். ஒரு மில்லிமீற்றர் நீளமுள்ள விலங்கு நூறு மீற்றர் ஏறுவதென்றால், அது தன் உடல் நீளத்தைப்போல் ஒரு லட்சம் மடங்கு தூரம். இரண்டாம் உலகப் போரின்போது ஒலியலைக் கருவிகள் கடலின் நடுவில் பொய்யான ஓர் அடித்தளத்தைக் காட்ட, அது மாலையில் உயர்ந்து காலையில் தாழ்வதைக் கண்டு, அவற்றை இயக்கியவர்கள் குழம்பினார்கள். மேலேறி இறங்கும் உயிர்த்திரளே அது எனப் பின்னர் புரிந்தது. முழுநிலவு நாள்களில் இவை பலவும் வழக்கம்போல் மேலே வருவதில்லை. நிலவுக்காலத்தில் வலை வெறுமையாக வருவதற்கு வலை மீனின் கண்ணுக்குத் தெரிந்துவிடுவது ஒரு காரணம் என்றால், தீனி கீழேயே தங்கிவிடுவது மற்றொன்று. வங்கக்கடலில் இறங்குவதற்கும் ஓர் எல்லை உண்டு. சுமார் நூறு மீற்றருக்குக் கீழே பல நூறு மீற்றர் தடிப்புக்கு ஒட்சிசன் மிகக் குறைந்த நீர் கிடப்பதால், அதைத் தாங்கப் பழகிய சில இனங்கள் மட்டுமே பகலில் அங்கே ஒளிந்துகொள்கின்றன. ஏனையவை அதற்கு மேலுள்ள ஒடுங்கிய நீரிலேயே நெருங்கி வாழ்கின்றன.

இனிப் பருவங்கள். குளிர்நாட்டுக் கடல்களில் மாரியும் வசந்தமும் மூடியைத் திறந்து மூடுகின்றன. நம் கடலில் அந்த வேலையைக் காற்று செய்கிறது. எல்லாக் கரையிலும் ஒரே மாதத்தில் செய்வதில்லை என்பதுதான் வன்னியின் சிறப்பு. மன்னார்த் தீவின் மீனவர், ஒரே ஊரில் இருந்தபடியே வடகடல், தென்கடல் என்று இரண்டு கடல்களைப் பிரித்துப் பேசுவதை எண்ணிப் பார்க்கலாம். வடகடல் என்பது பாக்கு நீரிணைப் பக்கம். பெரும்பகுதி பத்துப் பன்னிரண்டு மீற்றருக்கு மேல் ஆழமில்லாத தட்டுக்கடல். வடகீழ்ப் பருவக்காற்றான வாடை எழுந்தால் அது அடிவரை கலங்கிவிடும். சேற்றில் படிந்திருந்த பசளையும், அடியிலேயே வாழும் தயற்றங்களும் நீரோடு கலந்து மேலேறி, மிதவையுயிர்க் கூட்டத்தின் ஒரு பகுதியாகிவிடுகின்றன. அங்கே வெப்பச்சரிவுப் படை உருவாகும் அளவுக்கு ஆழமே இல்லாததால், ஆழத்துக்கு ஆழம் வேறுபடும் கூட்டம் என்பதும் பெரிதாக இல்லை. பருவத்துக்குப் பருவம் மாறும் கூட்டமே உண்டு.

தென்கடலான மன்னார் வளைகுடா, தெற்கே போகப் போக ஆயிரம் மீற்றரையும் தாண்டி ஆழமாகிறது. அதை உழுவது தென்மேற்குப் பருவக்காற்றான சோழகம். வைகாசி தொடங்கி ஆவணி கடந்தும் வீசும் அந்தக் காற்றில் கன்னியாகுமரிப் பக்கத்தில் அடியிலிருந்து மேலெழும் குளிர்நீரின் செல்வாக்கு வளைகுடாவையும் எட்டுவதால், தயற்றங்கள் பெருகுகின்றன. பெரிய கலங்கள் மூழ்காமல் நிற்கக் கலக்கம் வேண்டும். ஓட்டுக்குச் சிலிக்கா வேண்டும். காற்று இரண்டையும் ஒருங்கே கொண்டுவந்து கொடுக்கிறது. முல்லைத்தீவின் கதை வேறு. சோழகம் நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவதால் கரை அமைதியாக இருக்கும். அதுதான் வாடிகள் நிறைந்து கரைவலை இழுக்கும் காலம். அதே மாதங்களில் தென்கிழக்கே ஆழ்கடலில், காற்றின் முறுக்கால் நீர் இடஞ்சுழியாகச் சுழன்று, நடுவில் வெப்பச்சரிவுப் படை குவிமாடம்போல மேலுயர்கிறது. கடலியலாளர்கள் வினயச்சந்திரனும் யமகட்டாவும் 1998இல் விளக்கியெழுதிய இந்த அமைப்பை இலங்கைக் குவிமாடம் என்கிறார்கள். மூடி அங்கே கிழிவதில்லை. ஒளி எட்டும் உயரத்துக்கு அது தூக்கப்படுகிறது.

கார்த்திகை, மார்கழியில் முல்லைத்தீவுக் கடல் கொந்தளித்தாலும் ஆழ்நீர் எளிதில் மேலே வருவதில்லை. கங்கை, பிரமபுத்திரா, ஐராவதி ஆகிய ஆறுகள் வடக்கே கொட்டிய நன்னீர் கலந்த, உப்புக் குறைந்த நீரை இந்தியக் கிழக்குக் கரை வழியாக ஒரு நீரோட்டம் தெற்கே கொண்டுவந்து நம் கரையையும் தழுவ விடுகிறது. எடை குறைந்த இந்த நீர் மேலே படிவதால், வெப்ப மூடிக்கு மேல் உப்பு வேறுபாட்டாலான இன்னொரு மூடி அமைகிறது. அரபிக்கடலைவிட வங்கக்கடல் விளைச்சலில் பின்தங்குவதற்கு முதன்மைக் காரணம் இதுவே. சூறாவளி போன்ற கடுங்காற்றுதான் இதைக் கிழிக்கிறது. 1999இல் ஒடிசாவைத் தாக்கிய பெருஞ்சூறாவளி கடந்தபின், அது வந்த தடத்தில் பச்சையம் கூடியதைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டின. கரையை ஒட்டிய ஒடுங்கிய நீர் மட்டும் இந்தக் காலத்தில் வேறு வழியில் பசளை பெறுகிறது. அருவியாறு மன்னார்ப் பக்கமும், கனகராயன் ஆறு சுண்டிக்குளம் பக்கமுமாக, காலபோக வயல்களின் வண்டலையும் சேர்த்துக் கொண்டுவந்து சேர்க்கின்றன.

காற்றுகள் இரண்டும் ஓய்ந்த மாசி முதல் சித்திரை வரையிலான இடைக்காலத்தில், பசளையற்ற வெதுநீரில் தயற்றங்கள் தோற்றுப்போக, டிரைக்கோடெஸ்மியம் என்னும் சயனோபற்றீரியா தலையெடுக்கிறது. நீரின் மேல் மரத்தூளைத் தூவிவிட்டதுபோலப் பழுப்பு நிறத்தில், ஓட்டத்தின் திசையில் நீண்ட பட்டைகளாக இது மிதக்கும். அழிவு என்று அஞ்சுவோர் உண்டு, பெரும்பாலும் அப்படியல்ல. நீரில் கரைந்துள்ள நைதரசன் வாயுவை நேரடியாகப் பிடித்துப் பசளையாக்கும் ஆற்றல் அதற்கு இருப்பதால், வேறெவரும் பட்டினி கிடக்கும் நீரில் அது வாழ்ந்து, சிதையும்போது பிறருக்கும் பசளை விட்டுச்செல்கிறது. தன் கலத்துள்ளே வாயுப்பைகளை வைத்து, பகலில் மாச்சத்துச் சேர்ந்து கனத்ததும் இறங்கி, அது செலவானதும் ஏறி, ஆழத்தையும் தானே ஓரளவு தெரிவுசெய்கிறது. அஞ்ச வேண்டியது நொக்டிலூக்கா என்னும் ஒருகல மிதவையுயிர். தன்னுள்ளே பச்சை அல்காக்களைக் குடிவைத்துக்கொள்ளும் அதன் வெப்பக்கடல் வகை, 2019 செப்டெம்பரில் மன்னார் வளைகுடாவின் இந்தியக் கரையில் கடலைப் பச்சையாக்கியபோது மீன்கள் செத்து ஒதுங்கின.

மிதவையுயிர்க் கூட்டத்தில் எல்லாரும் ஆயுள் முழுவதும் மிதப்பதில்லை. மீன், நண்டு, சிப்பி, இறால் ஆகியவற்றின் குஞ்சுகள் சில வாரங்களுக்கு மட்டும் இதில் விருந்தாளிகள். சிலாவத்துறை, அரிப்புக் கரைகளின் முத்துச்சிப்பிகள் சில ஆண்டுகள் குவிந்தும் பல ஆண்டுகள் அறவே இல்லாமலும் போனதை ஆராய 1902இல் வந்த கடல் விலங்கியலாளர் வில்லியம் ஹேர்ட்மன் எதிர்கொண்ட சிக்கலின் வேர் இங்கேதான். சிப்பிக்குஞ்சு மிதக்கும் வாரங்களில் நீரோட்டம் அதைக் கடலடிப் பாறைத் தளமான பாரில் இறக்குமா, மணலில் இறக்கிப் புதைக்குமா என்பதைத் தாய்ச்சிப்பி தீர்மானிக்க முடியாது.

இறால் அந்த அளவுக்குக் கையறு நிலையில் இல்லை. கடலில் பொரிக்கும் குஞ்சு, உருவம் பலமுறை மாறி, கரையை நெருங்கும் பருவத்தில் நீர்ப்பெருக்கை உணர்ந்துகொள்கிறது. பெருக்கு உள்ளே போகும்போது அது அடியிலிருந்து மேலேறி நீரோடு போகிறது. வற்றும்போது அடியில் படிந்துகொள்கிறது. இந்த ஏற்ற இறக்கத்தாலேயே, நீந்தத் தெரியாத வயதிலும் அது களப்புக்குள் முன்னேறிவிடும். நந்திக்கடலின் முகத்துவாரம் மார்கழி மழையில் உடைத்துக்கொண்டால் வழி திறக்கிறது. சில மாதங்களின் பின் வட்டுவாகல் பக்கத்தில் வீச்சுவலையில் விழும் இறால், அந்த நாள்களில் உள்ளே வந்ததுதான். மழை பொய்த்து மணல்மேடு உடையாத ஆண்டில், குஞ்சுகள் அந்த மேட்டுக்கு வெளியே, பெருக்கோடு ஏறியும் வற்றோடு படிந்தும் கொண்டிருக்கும்.