‘எக்ஸ்யூமேஷன்’: தமிழில் எப்படிச் சொல்வது?

புதைத்த உடலை மீண்டும் வெளியே எடுப்பதை ஆங்கிலத்தில் ‘எக்ஸ்யூமேஷன்’ என்பார்கள். இலத்தீனில் ‘எக்ஸ்’ என்றால் வெளியே, ‘ஹூமுஸ்’ என்றால் மண். மட்கிய மண்ணைக் குறிக்கும் ‘ஹியூமஸ்’ என்பதும் அதே சொல்தான். சொல்லுக்குள் மண் இருக்கிறதே தவிர உடல் இல்லை. ஆயினும் வழக்கில் அது பெரும்பாலும் பிணத்தையே சுட்டுகிறது. தமிழிலோ ‘தோண்டியெடுத்தார்கள்’ என்று மட்டும் சொன்னால், மேலூர்ப் பக்கத்து விவசாயி பனங்கிழங்கையா என்று கேட்பார். ஆகவே சடலமா, எலும்பா என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

இடுகாடு என்னும் சொல்லில் உள்ள ‘இடு’ புதைப்பதைக் குறிக்கும். அதன் மறுதலையாக ‘எடு’ இயல்பாகவே அமைந்துவிடுகிறது. ‘தோண்டு’ என்பதற்குப் பழந்தமிழில் ‘தொடு’ என்றொரு சொல்லும் உண்டு. மணிமேகலையின் ‘தொடுகுழிப் படுப்போர்’ தோண்டிய குழியில் பிணத்தைக் கிடத்துவோர். குறளின் ‘தொட்டனைத் தூறும்’ மணற்கேணியும் தோண்டத் தோண்ட ஊறுவதே. ஆனால் இன்று ‘உடலைத் தொட்டெடுத்தனர்’ என்று எழுதினால் வேறு பொருள் வந்துவிடும். எஞ்சிய ‘அகழ்’ தொல்லியலுக்குப் போய்விட்டது. கீழடிக்கு அருகிலுள்ள கொந்தகையில் 2020 முதல் முதுமக்கள் தாழிகளைத் திறந்து, எலும்புகளை மரபணு ஆய்வுக்காக மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுசென்றதை அகழாய்வு என்கிறோம். சந்தேக மரணத்தில் நேற்றுப் புதைத்தவரை எடுப்பதற்கு அச்சொல் பொருந்தாது.

சட்டத்தில் அதற்கு இடமளித்தது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 176ஆம் பிரிவு; 2024 ஜூலை முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 196ஆம் பிரிவு அதே வேலையைச் செய்கிறது. இந்தியாவில் இதற்குக் காலவரம்பு இல்லை. தாசில்தார் நிற்க, உறவினர் புதைத்த இடத்தைக் காட்ட, குழி வெட்டப்படும். நஞ்சு இருக்குமோ என்ற ஐயம் இருந்தால் உடலோடு அதன் மேலும் கீழும் உள்ள மண்ணும் தனித்தனியாகச் சேகரிக்கப்படும். 2015 செப்டம்பரில், கிரானைட் முறைகேடுகளை விசாரித்த சட்ட ஆணையர் உ. சகாயம் நரபலிப் புகாரையொட்டி மேலூர் அருகே சின்னமலம்பட்டி மயானத்தில் இரவு தங்கி எலும்புகளைத் தோண்டச் செய்தபோது, பலரும் நாளிதழ்களில் படித்தது இத்தகைய தோண்டியெடுப்பைப் பற்றித்தான்.

சட்டம் சார்ந்த இடத்தில் ‘சடலத் தோண்டியெடுப்பு’ என்பதே என் தேர்வு. சிலர் எழுதும் ‘உடல் மீட்பு’ கிணற்றில் விழுந்தவருக்குரியது. எடுத்ததை வேறிடத்தில் புதைப்பது தனிச் செயல். அதற்கு, கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் பேசும் ‘அடக்கம்’ என்னும் சொல்லிலிருந்தே ‘மறு அடக்கம்’ என்ற நல்ல தொடர் கிடைக்கிறது. மதுரையின் தத்தனேரி சுடுகாட்டில் எரித்த மறுநாள் எலும்பு பொறுக்குவது இவற்றுள் எதிலும் சேராது. அது காடாற்று, அங்கே மண்வெட்டிக்கு வேலை இல்லை.