கோப்பையில் பாதி காற்று

கேக் குறிப்பு 150 கிராம் சர்க்கரை கேட்கிறது. தராசு இல்லை, அளவுக் கோப்பைதான் இருக்கிறது. இணையத்தில் தேடினால் ஒரு கப் சர்க்கரை 200 கிராம் என்கிறது ஒரு பட்டியல், 220 என்கிறது இன்னொன்று. பொடித்த சர்க்கரை என்றால் 120 கிராம்தானாம். தண்ணீருக்கு இந்தத் தகராறே கிடையாது. 1 மி.லி. தண்ணீர் ஏறக்குறைய 1 கிராம், அவ்வளவுதான். சர்க்கரைக்கு மட்டும் ஏன் இத்தனை விடைகள்?

சர்க்கரைப் படிகத்தைக் குற்றம் சொல்ல முடியாது. அதன் அடர்த்தி எப்போதும் ஒன்றுதான்: ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 1.59 கிராம். அமெரிக்கக் கப் ஏறத்தாழ 237 மி.லி. கொள்ளும். அதில் இடைவெளியே இல்லாமல் சர்க்கரை நிரம்பியிருந்தால் எடை 376 கிராம் வரவேண்டும். வருவதோ 200. அதாவது தலைதட்டி அளந்த ஒரு கப் சர்க்கரையில் சர்க்கரை 53 சதவீதம்தான். மீதி காற்று. பட்டியல்கள் நமக்குச் சொல்வது, உண்மையில், இந்தக் காற்றின் கணக்கைத்தான்.

நம்பிக்கை வரவில்லை என்றால் ஒரு கப் சர்க்கரையை ஒரு கப் வெந்நீரில் கரைத்து, ஆறியபின் அளந்து பாருங்கள். இரண்டு கப் வராது. ஒன்றரைக் கப் அளவில் நின்றுவிடும். மணிகளுக்கு இடையில் இருந்த காற்று வெளியேறிவிட்டது.

காற்று ஏன் இவ்வளவு இடம் பிடிக்கிறது? ஒரே அளவுள்ள உருண்டைகளை எவ்வளவு சாமர்த்தியமாக அடுக்கினாலும் இடத்தில் 74 சதவீதத்துக்கு மேல் நிரப்ப முடியாது. 1611இல் வானியலாளர் கெப்ளர் இதை ஊகித்தார். கணித நிரூபணம் 1998இல்தான், தாமஸ் ஹேல்ஸிடமிருந்து வந்தது. அடுக்காமல் கொட்டிக் குலுக்கினால் உருண்டைகள் 64 சதவீதத்தோடு திருப்தி அடைந்துவிடும். சர்க்கரை மணிகளோ உருண்டைகளும் அல்ல. கூர் விளிம்புகளும் மூலைகளும் கொண்டவை. விழுந்த கோணத்திலேயே ஒன்றோடொன்று உரசி மாட்டிக்கொள்வதால், கீழே காலி இடம் இருந்தாலும் அதற்குள் சரிவதில்லை.

சரி, மணியைப் பொடித்துவிட்டால் இடைவெளி குறைய வேண்டும் அல்லவா? நடப்பது நேர்மாறு. ஒரு மணியின் விட்டத்தைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தால் அதன் எடை ஆயிரத்தில் ஒன்றாகிவிடும். ஆனால் தொட்டுக்கொண்டிருக்கும் இரு மணிகளை ஒட்டவைக்கும் ஈர்ப்பு அந்த வேகத்தில் குறைவதில்லை. ஏறக்குறைய பத்தில் ஒன்றாகத்தான் ஆகும். பெரிய மணியை அதன் எடையே கீழே இழுத்து உட்கார வைத்துவிடும். மிக நுண்ணிய துகளுக்கு அந்தக் கனம் இல்லை. பக்கத்துத் துகளில் ஒட்டிக்கொண்டு, சின்னச் சின்ன வளைவுகளாக அந்தரத்திலேயே நின்றுவிடுகிறது. அதனால்தான் பொடித்த சர்க்கரை ஒரு கப் 120 கிராம் அளவில் இருக்கிறது. கோப்பையில் மூன்றில் இரண்டு பங்கு காற்று!

இந்த வளைவுகள் நொய்ந்தவை. கோப்பையை மேடையில் இரண்டு தட்டுத் தட்டினால் இடிந்து, பொடி சரசரவென்று கீழிறங்கும். சலித்தால் மறுபடி உப்பும். பொடிகளைக் கையாளும் பொறியாளர்கள் இதற்கென்றே ஓர் எண் வைத்திருக்கிறார்கள். தட்டி அடக்கியபின் உள்ள அடர்த்தியை, சும்மா கொட்டியபோது இருந்த அடர்த்தியால் வகுத்தால் வருவது ஹவுஸ்னர் விகிதம். அது 1.25க்குள் இருந்தால் தாராளமாகச் சரியும் பொருள், 1.4ஐத் தாண்டினால் ஒட்டி அடம்பிடிக்கும் பொடி. பொடித்த சர்க்கரையைக் கப்பில் அளப்பதை அளவு என்றே நான் சொல்லமாட்டேன். அது ஊகம்.

பழுப்புச் சர்க்கரையில் மணிகளைச் சுற்றிப் பாகின் ஈரப் படலம் இருக்கிறது. அந்த ஈரம் மணிகளைப் பிணைத்துக் கட்டியாக நிறுத்தும். குறிப்புகள் ‘அழுத்தி நிரப்பிய ஒரு கப்’ என்று கறாராகச் சொல்வது இதனால்தான். அழுத்தினால் 215 கிராம் அளவுக்கு வரும். அழுத்தாவிட்டால் எவ்வளவு என்பது கையைப் பொறுத்தது.

போதாததற்குக் கோப்பையே ஊருக்கு ஊர் வேறு. மெட்ரிக் கப் 250 மி.லி. ஆஸ்திரேலிய மேசைக்கரண்டி 20 மி.லி., மற்ற பல நாடுகளில் 15. கோபுரமாகக் குவித்து அளப்பவர்கள் இன்னொரு கணக்கையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சர்க்கரைக் குவியல் ஏறக்குறைய 35 பாகைச் சரிவில் நிற்கும். 8 செ.மீ. அகல வாய் கொண்ட கோப்பையின் மேல் அப்படி ஒரு கூம்பு நின்றால், அதில் மட்டும் சுமார் 40 கிராம்.

இந்த 40 கிராம் இனிப்போடு போகிற விஷயம் அல்ல. சர்க்கரை தண்ணீரைத் தன்வசம் பிடித்துக்கொள்கிறது. மாவின் ஸ்டார்ச் வெந்து இறுகும் வெப்பநிலையை உயர்த்துகிறது. அளவு மிஞ்சினால் கேக் உப்பி எழுந்தபின்னும் உள்ளே இறுகாமல், நடுவில் குழிந்துவிடும். குறைந்தால் வறண்டு கடினமாகும்.

சாதாரணச் சர்க்கரைக்குக் கணக்கு எளிது: கிராமை 0.85ஆல் வகுத்தால் மி.லி. கிடைக்கும். 150 கிராமுக்கு 176 மி.லி.; அமெரிக்கக் கப்பில் முக்கால். 250 மி.லி. கப்பில் முக்காலுக்குச் சற்றுக் குறைவு.

ஆனால் உங்கள் கோப்பைக்கும் உங்கள் கைக்கும் பொருந்தும் எண் வேண்டுமென்றால், பிரிக்காத ஒரு கிலோ பாக்கெட்டே தராசாகிவிடும். எப்போதும் அளப்பது போலவே, தலைதட்டி, பாக்கெட் காலியாகும்வரை கப் கப்பாக எண்ணுங்கள். கடைசியில் மிஞ்சுவதை மேசைக்கரண்டியால் அளந்து கப்பின் பின்னமாக்கிக் கூட்டிக்கொள்ளுங்கள். 1000ஐ அந்த எண்ணிக்கையால் வகுத்தால், உங்கள் ஒரு கப் எத்தனை கிராம் என்பது தெரிந்துவிடும். ஐந்து கப் வந்தால் 200. நாலேமுக்கால் வந்தால் 210. மணியின் பருமன் வேறான சர்க்கரை வாங்கினால் மறுபடி எண்ண வேண்டியிருக்கும்.