செட் பீஸ்: தமிழில் நிறுத்துபந்து

கால்பந்தில் விசில் ஊதியோ, பந்து கோட்டைத் தாண்டியோ ஆட்டம் நின்றபின், முன்பே பழகிய திட்டப்படி தாக்குவதற்கு வாய்ப்புத் தருவது செட் பீஸ். கார்னர், ஃப்ரீ கிக், பெனால்டி இதில் அடங்கும். கோல் முகத்துக்கே வந்து விழும் நீள த்ரோ-இன்னையும் (கையால் எறிவது) பயிற்சியாளர்கள் இதில் சேர்ப்பார்கள்.

இது கால்பந்துக்கென்று பிறந்த சொல் அல்ல. நாடக மேடையில் தனித்து நிற்கும் காட்சித் தட்டி, சட்டத்தில் கட்டிக் கொளுத்தும் வாணவேடிக்கை, வியூகம் வகுத்து நடத்தும் போர் எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் இதே பெயர். முன்கூட்டியே அடுக்கி வைத்தது என்பதே கருத்து. பிரெஞ்சில் 'கூ த பியே அரெத்தே', அதாவது நிறுத்தி உதைப்பது. புதுச்சேரியில் பிரெஞ்சு படித்தவர்களுக்கு இது உடனே புரியும்.

'தொகுப்புத் துண்டு' என்று பெயர்த்தால் சிரிப்புதான் வரும். 'நிறுத்துபந்து' பொருந்தும், சுடுசோறு போல வினைத்தொகை, எனவே நடுவில் 'ப்' மிகாது. த்ரோ-இன்னுக்கும் இடம் வேண்டும் என்பதால் பெயரில் 'உதை' என்ற சொல் வேண்டாம்.

இதைத் தடுப்பதில் ஏன் திணறல்? உதைப்பவரை நெருங்க முடியாது, 9.15 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். கார்னரிலிருந்து நேராக வரும் பந்துக்கு ஆஃப்சைடும் (காவலர்களைத் தாண்டி நின்று பந்து வாங்குவதைத் தடுக்கும் விதி) இல்லை. எதிரணியின் உயரமான சென்டர் பேக்குகள் (நடுக் காவலர்கள்) கோல்கீப்பரின் மூக்கருகே வந்து நிற்கலாம்.

இடம் பார்த்துக் காப்பவர் நின்ற இடத்திலிருந்து எம்புகிறார். தாக்குபவரோ ஓடிவந்து எம்புகிறார். உயரம் சமமானாலும் தலை முந்துவது ஓடிவந்தவருக்குத்தான். ஆள் பார்த்துக் காத்தால் வேறு தொல்லை: எதிரணியில் ஒருவர் குறுக்கே நின்று மறிக்க, காவலர் அங்கேயே சிக்கிக்கொள்வார். ஆகவே பல அணிகள் இரண்டையும் கலக்கின்றன. கார்னர் எடுக்கும் பக்கத்து அருகுக் கம்பத்தில் ஒருவர், கோலுக்கு முன்னுள்ள 5.5 மீட்டர் கோட்டையொட்டி மூவர் அல்லது நால்வர், ஓடிவருவோரின் வேகத்தைக் குலைக்க மூவர், பெனால்டி பகுதியின் விளிம்பில் ஒருவர். இந்த விளிம்பு ஆளைத்தான் உள்ளூர் அணிகள் மறக்கின்றன. முதல் பந்தைத் தலையால் வெளியேற்றியும், அது விளிம்பிலிருந்து திரும்பி வரும் இரண்டாம் பந்தில் கோல் வாங்குவது இதனால்தான்.

உப்பளம், தேவனாம்பட்டினம் போன்ற கடலோரத் திடல்களில் பிற்பகல் கடற்காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். கோல்கள் வடக்கு தெற்காக இருந்தால், கிழக்கு மூலைக் கார்னர் காற்றோடு போய்த் தூரக் கம்பத்தைத் தாண்டும். மேற்கு மூலையிலிருந்து வருவது காற்றில் தடைபட்டு முன்னதாகவே விழும். காவல் வரிசையை அதற்கேற்ப ஓரடி நகர்த்த வேண்டும்.

ஃப்ரீ கிக் சுவரில் மூவரோ அதற்கு மேலோ நின்றால், 2019 விதிப்படி தாக்கும் அணியினர் அதிலிருந்து ஒரு மீட்டராவது விலகி நிற்க வேண்டும். முன்பெல்லாம் சுவருக்குள் நுழைந்து இடித்து இடைவெளி உண்டாக்குவார்கள். அந்த வேலை இனி நடக்காது. கார்னரைத் தடுக்க நிற்கும் நேரத்தில் ஆள் மாற்றுவதையும் தவிர்ப்பது நல்லது. புதிதாக வந்தவர் யாரைப் பிடிப்பது என்று தேடுவதற்குள் பந்து பறந்து வந்துவிடும்.