சொல் விளக்கம்: பொது சுகாதாரம்

மதுரையில் பேருந்தை விட்டு இறங்கியதும் கண்ணில் படும் முதல் சுகாதாரம் கட்டணக் கழிப்பறையின் பலகையில் இருக்கும்: 'பொது சுகாதார வளாகம்'. அங்கிருந்து டவுன் பஸ் ஏறி உசிலம்பட்டிப் பக்கமோ மேலூர்ப் பக்கமோ போனால் அடுத்த சுகாதாரம்: 'ஆரம்ப சுகாதார நிலையம்'. அங்கே ஊசி போடுவார்கள், பிரசவம் பார்ப்பார்கள். சாப்பிட உட்காரும் கடையில் 'சுகாதாரமான முறையில் தயாரிக்கப்பட்டது' என்று எழுதியிருக்கும். மறுநாள் நாளிதழைப் பிரித்தால் வைகையில் கலக்கும் கழிவுநீரால் 'சுகாதாரக் கேடு'. கழிப்பறை, மருத்துவமனை, சுத்தம் எல்லாம் ஒரே சொல்தான். இத்தனை வேலை வாங்கினால் எந்தச் சொல்லுக்கும் இளைப்பு வந்துவிடும்.

சுகாதாரம் என்பது சுகம், ஆதாரம் என்ற இரண்டு வடசொற்களின் சேர்க்கை. 'சுகத்துக்கு ஆதாரமாக இருப்பது' என்பது நேர்ப்பொருள். சுகம் என்பதையும் 'சு', 'க' என்று பிரித்து, நல்ல அச்சுத் துளை உடையது என்று பொருள் சொல்பவர்கள் உண்டு. தேர்ச் சக்கரத்தில் அச்சு சரியாகப் பொருந்தினால் பயணம் குலுங்காமல் போகும், அந்த நிலைதான் சுகம் என்பது அவர்கள் விளக்கம். எல்லோரும் ஒப்புக்கொண்ட முடிவல்ல அது. ஆனால் ஷேர் ஆட்டோவின் பின்சீட்டில் உட்கார்ந்து ஊரைச் சுற்றியவர்கள் அதை உடனே ஒப்புக்கொள்வார்கள்.

சுகம் தமிழ் வீட்டுக்குள் எப்போதோ வந்துவிட்டது. சுகப்பிரசவம், சுகவாசி, 'உடம்புக்குச் சுகமில்லை' என்று அதை வைத்து நாள் முழுவதும் பேசுகிறோம். சுகாதாரம் மட்டும் வாசலோடு நின்றுவிட்டது. 'உங்கள் சுகாதாரம் எப்படி இருக்கிறது?' என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. அது அலுவலகத்தில் புழங்கும் சொல்.

பொருட்குழப்பமும் அலுவலகத்திலேயே தொடங்கியது. 1864-இல் சென்னை மாகாணத்துக்கு ஆங்கில அரசு ஒரு சானிட்டரி கமிஷனை அமைத்தது. சானிட்டரி என்ற சொல்லுக்கு மூலம் லத்தீன் மொழியின் 'சானிடாஸ்'. அதற்கு உடல்நலம் என்று பொருள். ஆனால் 19-ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் அது சாக்கடை, மலக்குழி, குப்பை என்று இறங்கிவிட்டது. அந்த வேலையைப் பார்த்த சானிட்டரி இன்ஸ்பெக்டர் தமிழில் சுகாதார ஆய்வாளர் ஆனார். ஹெல்த் என்ற வேறொரு சொல்லுக்கும் சுகாதாரம் என்றே எழுதினோம். கடைசியில் வந்த பப்ளிக் ஹெல்த்துக்கு முன்னால் 'பொது'வை ஒட்டி வேலையை முடித்துக்கொண்டோம்.

பப்ளிக் ஹெல்த் என்பது மற்ற இரண்டும் அல்ல. 1920-இல் அமெரிக்கப் பேராசிரியர் வின்ஸ்லோ அதற்குத் தந்த வரையறை இன்றும் எடுத்தாளப்படுகிறது. சமுதாயம் ஒன்றுசேர்ந்து எடுக்கும் முயற்சியால் நோயைத் தடுத்து, ஆயுளை நீட்டித்து, நலத்தைப் பெருக்கும் அறிவியலும் கலையும் என்பது அதன் சாரம். நோயாளியைக் குணப்படுத்துவது அந்த வரையறையில் முன்னால் நிற்கவில்லை. நம் மாகாணத்துக்கு இது புரியாமலும் இல்லை. 1939-ஆம் ஆண்டின் சென்னைப் பொது சுகாதாரச் சட்டத்தைப் புரட்டினால் குடிநீர், வடிகால், தொற்றுநோய் அறிவிப்பு, தாய்சேய் நலம், கொசுக் கட்டுப்பாடு, தங்கும் விடுதி, திருவிழா என்று தலைப்புகள் போகின்றன. சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் குடிநீர்த் தொட்டியில் குளோரின் இருக்கிறதா என்று ஒருவர் சோதித்துக்கொண்டிருப்பதும் இந்தப் பட்டியலில் வருவதுதான். ஆற்றுக்குள் நிற்கும் கூட்டத்தில் அவரை யாரும் பார்ப்பதில்லை.

இந்தப் பொருளுக்குத் தமிழில் பழைய சொல் உண்டா என்றால், உண்டு. திருக்குறளில் நோயைப் பற்றி 'மருந்து' என்று தனி அதிகாரமே இருக்கிறது. அது ஒருவன் உடம்பைப் பற்றியது. செரித்த பிறகு சாப்பிடு, அளவோடு சாப்பிடு என்று போகும். நாட்டின் நோயை வள்ளுவர் அங்கே வைக்கவில்லை, 'நாடு' என்ற அதிகாரத்தில் வைத்தார். 'பிணியின்மை செல்வம் விளைவின்பம் ஏமம் அணியென்ப நாட்டிற்கு இவ்வைந்து' என்பது 738-ஆம் குறள். செல்வத்துக்கு முன்னால் பிணியின்மை நிற்கிறது. யாப்புக்காக அப்படி அமைந்தது என்று சொல்லிவிடலாம். ஆனால் அதே அதிகாரத்தில் 'உறுபசியும் ஓவாப் பிணியும் செறுபகையும்' என்று பசியோடும் பகையோடும் பிணியை ஒரே வரிசையில் நிறுத்துகிறார். பகையை விரட்டுவது வைத்தியரின் வேலை இல்லை, அரசின் வேலை. ஓயாத பிணியும் அப்படித்தான்.

பிணி என்ற சொல்லையும் கவனிக்க வேண்டும். பிணித்தல் என்றால் கட்டுதல். கட்டிப்போடுவது பிணி. வளரும் நாடுகளில் அது சொல்லுக்குச் சொல் உண்மை. சித்தாள் வேலைக்குப் போகும் ஒருவருக்கு டெங்கு வந்தால் பத்து நாள் கூலி போகும். கூட இருந்து பார்த்துக்கொள்பவரின் கூலியும் போகும். ரத்தப் பரிசோதனைக்கும் குளுக்கோஸ் பாட்டிலுக்கும் கந்துவட்டிக்குக் கைநீட்டினால், காய்ச்சல் விட்ட பிறகும் கட்டு அவிழாது. இந்தியாவின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் தங்கள் கையிலிருந்து கொடுத்தது 2013-14-இல் 64.2 சதவீதம். 2021-22-இல் அது 39.4 சதவீதமாக இறங்கியிருக்கிறது. நல்ல இறக்கம்தான். ஆனாலும் நூறு ரூபாயில் நாற்பது ரூபாய் நோயாளியின் மடியிலிருந்து போகிறது. அரசு தன் பங்கை நாட்டின் மொத்த உற்பத்தியில் 2.5 சதவீதமாக 2025-க்குள் உயர்த்த வேண்டும் என்று 2017-இன் தேசிய சுகாதாரக் கொள்கை சொன்னது. 2021-22-இல் அது 1.84-இல் இருந்தது.

இதே டெங்கு இன்னொரு இடத்தில் எவ்வளவு மலிவாக நிற்கிறது என்று பார்க்கலாம். மதுரைத் தெருக்களில் கொசு ஒழிப்புக்கு வருபவர்களை 'மஸ்தூர்' என்பார்கள். உழைப்பாளி என்று பொருள்படும் பாரசீகச் சொல் அது, உருது வழியாக நம்மிடம் வந்தது. பெரும்பாலும் பெண்கள். சிமெண்ட் தொட்டிக்குள் டார்ச் அடித்தால், நீர்மட்டத்தில் தலைகீழாகத் தொங்கும் புழுக்கள் வெளிச்சம் பட்டதும் நெளிந்து அடியில் இறங்கும். தொட்டியைக் காலிசெய்தால் மட்டும் போதாது, சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும் என்று அந்தப் பெண் சொல்வார். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டிக்கொண்டு, ஈரமே இல்லாமல் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். நீர் பட்டால் ஒரு வாரம், பத்து நாளில் கொசு பறந்துவிடும். அதனால்தான் வாரம் ஒரு முறை வருகிறார்கள். வீட்டுக்காரப் பெண்ணுக்கும் ஒரு கேள்வி இருக்கும்: 'தண்ணீர் வருவதே நாலு நாளைக்கு ஒரு தடவை. அதையும் கொட்டச் சொன்னால் எப்படி அக்கா?'

அந்தக் கேள்விக்கு மஸ்தூரிடம் பதில் கிடையாது. குழாயில் தினமும் தண்ணீர் வந்தால் தொட்டியில் தேக்கிவைக்க வேண்டியதில்லை. டெங்குவை நிறுத்துவதில் மருத்துவரின் பங்கைவிடக் குடிநீர்ப் பொறியாளரின் பங்கு பெரியது. மதுரை சின்ன சொக்கிக்குளத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பூச்சியியல் மையம் இருக்கிறது. வயல்நீரில் வளரும் கொசுவையும் மூளைக்காய்ச்சலையும் அங்கே பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார்கள். அந்த வழியாகத் தினமும் போகிறவர்களில் பலருக்கு அது என்ன கட்டடம் என்றே தெரியாது. பெரியாஸ்பத்திரி எங்கே என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு வழி சொல்வார்கள்.

இதைச் செலவு என்று எழுதுவதா, முதலீடு என்று எழுதுவதா? முதலீடு என்பது முதலை இடுதல். படு என்பது பாடு ஆவதுபோல, இடு என்பது ஈடு ஆனது. இட்ட முதல் திரும்ப வரவேண்டும் என்ற எதிர்பார்ப்பு அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. பெரியம்மை இதற்குத் தெளிவான கணக்கு. 1967-இல் முடுக்கிவிடப்பட்ட ஒழிப்பு முயற்சிக்கு ஏறத்தாழ 30 கோடி டாலர் ஆனது. இந்தியாவில் அம்மை 1975-இல் நின்றது. உலகம் முழுவதும் ஒழிந்தது என்று 1980-இல் அறிவித்தார்கள். அதற்குப் பிறகு ஆண்டுதோறும் மிச்சமாகும் தொகை 100 கோடி டாலருக்கும் மேல்.

பாதியில் கையை எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ராமேசுவரத்துக்கு அக்கரையிலேயே பாடம் இருக்கிறது. இலங்கையில் 1963-இல் மலேரியா நோயாளிகள் 17 பேர் மட்டுமே. இனி எதற்கு என்று மருந்து தெளிப்பதை நிறுத்தினார்கள், கண்காணிப்பும் தளர்ந்தது. 1968-69-இல் பல லட்சம் பேர் காய்ச்சலில் விழுந்தார்கள். முதலுக்கே மோசம் என்பது இதுதான். மறுபடி முதலிலிருந்து தொடங்கி, மலேரியா இல்லாத நாடு என்ற சான்றை இலங்கை 2016-இல்தான் வாங்கியது. வசதியான நாடு தடுக்கவும் செய்யும், தவறினால் மருத்துவமும் பார்க்கும். இல்லாத நாட்டுக்கு இரண்டாவது வழி கட்டுப்படியாகாது.

சரி, தமிழில் எப்படி எழுதுவது? 'பொதுநலவாழ்வு' என்று சிலர் எழுதுகிறார்கள். 'பொதுநல வழக்கு' என்ற தொடரால் பொதுநலம் வேறு பொருளில் ஊன்றிவிட்டதால் அது இடறுகிறது. தமிழக அரசின் துறைக்கு 'மக்கள் நல்வாழ்வு' என்று பெயர். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் கல்யாண வாழ்த்திலும் நல்வாழ்வு வருகிறது. 'மக்கள் நலவாழ்வு' என்பது என் தேர்வு. தனி ஆளுக்கு உடல்நலம் போதும். சாக்கடை, குப்பை, கழிப்பறை தொடர்பானவற்றைத் துப்புரவு என்றோ தூய்மை என்றோ எழுதலாம். அந்த வேலை செய்பவர்களை இப்போது தூய்மைப் பணியாளர் என்றுதான் சொல்கிறோம். சுகாதாரத்தை ஒரேயடியாக விரட்டவும் முடியாது. சட்டத்தின் பெயர், துறையின் பெயர், நிலையத்தின் பலகை எல்லாவற்றிலும் அது உட்கார்ந்திருக்கிறது. பெயர்ச்சொல்லாக வரும் இடங்களில் அப்படியே விட்டுவிடுவதுதான் முறை.

அப்படி எழுதும்போது ஒற்று மிகுமா? பொதுக்கூட்டம், பொதுத்தேர்வு, பொதுச்செயலாளர் என்று எழுதும் வழக்கப்படி பொதுச் சுகாதாரம் என்றே வரவேண்டும். அரசுப் பலகைகளில் 'ச்' இருக்காது. வடசொல்லின் சகரத்தைப் பலர் 'ஸ' என்று ஒலிப்பதால் வந்த பழக்கமாக இருக்கலாம். பலகையில் இருப்பதை எடுத்து எழுதும்போது பலகைப்படியும், சொந்த வாக்கியத்தில் ஒற்றோடும் எழுதலாம். இந்தக் கட்டுரையில் சட்டத்துக்கும் பலகைக்கும் அப்படித்தான் ஒற்றை விட்டிருக்கிறேன்.