சக்குலென்ட்னா "சதைப்பற்றுள்ளவை" இல்ல, சோத்துச்செடி

"குளிர்காலத்தில் சதைப்பற்றுள்ளவைகளை உட்புறத்தில் பராமரிப்பது எப்படி?" இந்த வரிய இந்த நவம்பர்ல மட்டும் பத்து தடவையாவது பாத்திருப்பேன், ஒவ்வொரு தடவையும் வயிறு எரியுது. நான் இருக்கிறது டொராண்டோ. இங்க அக்டோபர் வந்தா பால்கனில இருக்குற தொட்டியெல்லாம் வீட்டுக்குள்ள வந்தாகணும், ராத்திரி பத்து டிகிரிக்குக் கீழ போக ஆரம்பிச்சாலே உள்ள எடுத்துடணும், அதனால கத்தாழை, கள்ளி மாதிரி சக்குலென்ட் செடிங்களப் பத்தித் தமிழ்ல யாராவது உருப்படியா எழுதியிருக்காங்களான்னு தேடுவேன், வர்றது பூரா இங்கிலீஷ்ல இருந்து அப்படியே மொழிபெயர்த்த இந்த "சதைப்பற்றுள்ளவைகள்" தான். "அவை"ன்னாலே பன்மை, அதுக்கு மேல ஒரு "கள்" வேற. அதுகூடப் போகட்டும், சதைப்பற்றுள்ளது எதுன்னே அதுல இல்லையே? செடிங்கிற சொல்லே இல்லாம ஒரு செடிக்குப் பேரு.

மூலச்சொல்ல சட்டுனு சொல்லிடறேன். சக்குலென்ட் லத்தீன்ல இருந்து வந்தது, சுக்குஸ்னா சாறு, சுக்குலென்டுஸ்னா சாறு நெறஞ்சது. இலையிலயோ தண்டுலயோ வேர்லயோ தண்ணியச் சேத்து வெச்சுக்கிட்டு மழையில்லாத மாசங்களத் தாண்டுற செடிங்க எல்லாத்துக்கும் இது பொதுப்பேரு. ஒரே குடும்பம் கெடையாது. கத்தாழை ஒரு குடும்பம், கள்ளி வேற குடும்பம், தடிச்ச இலை ஜேட் செடியும், ரோஜாப்பூ மாதிரி இலை அடுக்கிக்கிட்டிருக்கிற எச்சிவேரியாவும், நம்ம ரணகள்ளியும் சேந்து இன்னொரு குடும்பம். பிரண்டையும் இதுல சேத்திதான், ஆடு மேய்க்கிறவங்க பறிச்சுத் தின்னுற கள்ளிமுளையானும் சேத்திதான்.

இப்ப இதுக்குத் தமிழ்ல ஓடிட்டிருக்கிற பேருங்கள ஒண்ணொண்ணா பாப்போம்.

"பாலைவனச் செடி"ன்னு சிலர் சொல்றாங்க. கிறிஸ்துமஸ் கேக்டஸ்னு டிசம்பர்ல கடைகடையா விக்கிற செடி பிரேசில் காட்டுல மரத்து மேல ஒட்டி வளர்றது, அதுக்கும் பாலைவனத்துக்கும் என்ன சம்பந்தம்? நம்மூர் கடலோரத்துல உப்புச் சேத்துல வளர்ற உமரியும் தண்ணி சேக்குற செடிதான்.

"கள்ளி"ன்னு மொத்தமா சொல்றவங்க மேல எனக்குக் கொஞ்சம் பரிவு உண்டு, சொல்லு நல்ல சொல்லு, பழைய சொல்லு, குறுந்தொகை 16ஆம் பாட்டுலயே கள்ளியங்காடு வருது. ஆனா அந்தக் கள்ளி சதுரக்கள்ளி மாதிரி கிள்ளினா பால் வடியிற சாதி. கேக்டஸ் சாதி அமெரிக்கப் பக்கத்துச் செடி, சப்பாத்திக்கள்ளி எல்லாம் ரொம்பப் பின்னாடி கப்பல்ல வந்து அந்தப் பேர வாங்கிக்கிச்சு. ஏற்கெனவே ரெண்டு சாதியச் சொமக்கிற சொல்லு மேல கத்தாழை, ஜேட், குட்டிக் கத்தாழை மாதிரி இருக்கிற ஹாவொர்த்தியா எல்லாத்தையும் ஏத்தினா அப்புறம் எதச் சொல்றோம்னு யாருக்குத் தெரியும்? கள்ளிப்பால் கண்ணுல பட்டா கண்ணு போனாலும் போயிடும், கத்தாழைய மூஞ்சில தடவிக்கிறோம். அந்த வித்தியாசம் பேர்லயே தெரியணும்.

"சாற்றுத்தாவரம்" லத்தீனுக்கு நேர் மொழிபெயர்ப்பு, படிச்சவங்களுக்குப் பிடிக்கும். ஆனா ஒரு கத்தாழை மடல அறுத்துப் பாருங்க. அறுத்த இடத்துல தோலுக்கு அடியில இருந்து மஞ்சளா கசப்பா ஒண்ணு வடியும், அதுதான் சாறு, அதக் காய்ச்சிக் கட்டியாக்கினாத்தான் நாட்டு மருந்துக் கடையில விக்கிற கரியபோளம். அது வடிஞ்சு நின்னப்புறம் தோலச் சீவுனா உள்ள கண்ணாடி மாதிரி வழுக்கிட்டு நிக்குதே, தண்ணிய எல்லாம் புடிச்சு வெச்சிருக்கிறது அதுதான். ஆக செடிக்குள்ள ரெண்டு வேற வேற சங்கதி இருக்கு, லத்தீன்காரன் ரெண்டையும் ஒரே சொல்லுல அடக்கிட்டான், நம்ம ஆளுங்க அடக்கல. உள்ள இருக்கிறதுக்கு அவங்க வெச்ச பேரு சோறு. அதனாலதான் சோத்துக்கத்தாழை.

இது எனக்கு எப்ப உறைச்சதுன்னா போன ஜனவரில. இங்கயே ஸ்கார்பரோல இருக்குற சித்தி போன் பண்ணி "டேய் கத்தாழை செத்துடுச்சுடா, வந்து பாரு"ன்னாங்க. போய்ப் பாத்தா அடி கறுத்து, மடல் எல்லாம் சாஞ்சு கெடக்கு. மண்ணத் தொட்டேன், களிமாதிரி ஈரம், நடுவுல ஒரு கல்லு இல்ல, ஒரு சக்கை இல்ல. என்ன சித்தி மண்ணு இதுன்னா, "நன்கு வடிகட்டிய மண்ணுன்னு போட்டிருந்தாங்கடா, மாவு சல்லடையில மூணு தடவ சலிச்சுத்தான் போட்டேன்"ங்கறாங்க. எனக்குப் பேச்சே வரல. தண்ணி தேங்காம கீழ எறங்கிடற மண்ணுன்னு சொல்ல வேண்டியத வடிகட்டிய மண்ணுன்னு எழுதி வெச்சிருக்கான் யாரோ ஒருத்தன், இவங்களும் அத நம்பி கல்லையும் கரடுமுரடான மணலையும் சலிச்சுத் தூக்கிப் போட்டுட்டாங்க, செடிக்கு எது வேணுமோ அத்தனையும் குப்பைல. சித்தி ஒரு மடலப் பிச்சு விரலால அமுக்கிப் பாத்துட்டு மெதுவா, "சோறே தண்ணியாப் போச்சுடா"ன்னாங்க. எந்த அகராதியும் பாக்காம சொன்னாங்க. செடிக்கு என்ன ஆச்சுன்னு அதவிடத் தெளிவா ஒரு தமிழ்க் கட்டுரையிலயும் நான் படிச்சதில்ல.

அதான் சொல்றேன், சக்குலென்டுக்குச் சரியான தமிழ் சோற்றுச்செடி, பேச்சுல சோத்துச்செடி. ஜேட் இலைய ரெண்டா ஒடைங்க, உள்ள இருக்கிறது சோறு. ஹாவொர்த்தியா இலை நுனில வெளிச்சத்துல புடிச்சா கண்ணாடியா தெரியுதே, அதுவும் சோறு. இலைல இருந்தா சோத்திலை, தண்டுல இருந்தா சோத்துத்தண்டு, சொல்லு தானா வளருது. சோறுன்னா நெல்லுச் செடின்னு நெனச்சுக்க மாட்டாங்களான்னு கேக்குறாங்க. சோத்துக்கத்தாழையப் பாத்து உலை வெச்சவங்க யாராவது உண்டா? "சதை"க்கு மட்டும் என்ன, பழத்துக்கும் சதை, மனுசனுக்கும் சதை. சதைங்கிறது பள்ளிக்கூடத்துல சதைக்கனின்னு படிச்ச பழக்கத்துல வந்ததோ என்னமோ, தண்ணியச் சேத்து வைக்கிறதப் பத்தி அதுல ஒரு வார்த்தை இல்ல.

மொழிபெயர்க்கிறவங்க ஒருத்தராவது ஒரு தொட்டிய வெச்சுப் பாத்திருந்தா பாதிப் பிரச்சினை தீர்ந்திருக்கும். "பிரகாசமான மறைமுக ஒளி"ன்னு எழுதறாங்க, மறைமுக வரி கேள்விப்பட்டிருக்கேன், மறைமுகத் தேர்தல் கேள்விப்பட்டிருக்கேன், அது என்ன மறைமுக ஒளி? நேர் வெயில் படாத நல்ல வெளிச்சம்னு எழுதினா கை வலிக்குமா? அதுவும் இங்க டிசம்பர் 21 வாக்குல பகல் ஒம்போது மணி நேரம்கூட முழுசா கெடையாது, சூரியன் தாழ்வா வந்து போயிடும், வர்ற வெயில் நேரா பட்டாலும் போதாது, தெக்கு பாத்த ஜன்னல்ல ஒட்டி வைக்கணும், இல்லன்னா எல்இடி லைட் போடணும், இல்லாட்டி எச்சிவேரியா வெளிச்சம் தேடி கழுத்து நீண்டுடும். "செயலற்ற நிலை"ன்னு இன்னொண்ணு. செத்துப்போன கம்பெனிக் கணக்கா இது? உறக்கம்னு சொல்லுங்க, உறங்குற செடிக்கு மூணு நாலு வாரத்துக்கு ஒரு தடவ தண்ணி ஊத்தினா போதும்னு படிக்கிறவங்களுக்கே புரியும். "கோழிகள் மற்றும் குஞ்சுகள்"னு ஒரு எடத்துல பாத்தேன், அது செம்பெர்விவம் செடியோட செல்லப்பேரு. பெருசு நடுவுல, குட்டிங்க சுத்தி, தாய்க்கோழி மாதிரி இருக்கும். தாயும் குஞ்சும்னு எழுதியிருந்தா எவ்ளோ அழகு. அந்தச் செடி பனியில வெளியவே கெடக்கும், கெடக்கணும், அத வீட்டுக்குள்ள கொண்டுவான்னு அந்தக் கட்டுரை சொல்லுது.

சித்திக்கு இந்த வருசம் புதுக் கத்தாழைக் குட்டி ஒண்ணு பிரிச்சுக் குடுத்தேன். பாதி மண்ணு, பாதி பொடிக்கல்லு, சலிக்கவே இல்ல. தொட்டில ஒரு சீட்டு ஒட்டியிருக்கேன்: "சோத்துச்செடி. உறங்குது. மண்ணு அடிவரைக்கும் காஞ்சாத்தான் தண்ணி."