இவாஞ்சலிக்கல்: தமிழில் என்ன சொல்வது?

ஆங்கிலேயத் திருச்சபையின் வரலாற்றைத் தமிழில் எழுத உட்காருகிறவர்கள் சிக்கிக்கொள்ளும் சொல் இது. அகராதியைப் பார்த்து ‘சுவிசேஷத்துக்குரிய’ என்று போட்டுவிடலாம். ஆனால் ‘சார்லஸ் சிமியோன் சுவிசேஷத்துக்குரிய போதகர்’ என்று எழுதினால் ஒன்றும் விளங்காது. எந்தப் போதகர்தான் சுவிசேஷத்துக்கு உரியவர் இல்லை?

வேர் கிரேக்கம். ‘எவாங்கெலியோன்’ என்றால் நல்ல செய்தி. லத்தீன் வழியாக ஐரோப்பிய மொழிகளுக்குப் பரவியது. தமிழில் வடமொழியின் ‘சு’வையும் ‘விசேஷ’த்தையும் சேர்த்துச் சுவிசேஷம் என்றார்கள். ‘வீட்டில் என்ன விசேஷம்?’ என்று கேட்கிறோமே, அந்த விசேஷம்தான். நற்செய்தி என்பது கிரேக்கச் சொல்லுக்கு இன்னும் நேரான தமிழ்.

வேர் தெரிந்தாலும் பொருள் பிடிபடாது. சொல் ஊருக்கு ஊர் மாறியிருக்கிறது. 16ஆம் நூற்றாண்டில் லூத்தரின் பக்கம் நின்றவர்கள் தங்களை இப்படி அழைத்துக்கொண்டார்கள். ஜெர்மனியில் இன்றும் ‘எவாங்கெலிஷ்’ என்றால் பெரும்பாலும் புராட்டஸ்டண்ட் என்றே பொருள். 1919இல் உருவான தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையின் பெயரில் இருப்பதும் அந்தப் பொருள்தான்.

இங்கிலாந்தில் 18ஆம் நூற்றாண்டில் பொருள் சுருங்கியது. அரசுத் திருச்சபைக்குள்ளேயே இருந்துகொண்டு, பேராயரையும் ஜெப புத்தகத்தையும் விடாமல், ‘ஞானஸ்நானம் பெற்றால் மட்டும் போதாது, ஒவ்வொருவரும் மனந்திரும்ப வேண்டும், வேதமும் சிலுவையும்தான் மையம்’ என்று அழுத்திச் சொன்ன ஒரு சாராருக்கு அது பெயரானது. அதாவது, தனிச் சபையின் பெயர் அல்ல, சபைக்குள் ஓர் அணியின் பெயர்.

இதற்குச் சிமியோனை விட நல்ல உதாரணம் கிடைக்காது. 1759இல் ரெடிங் நகரில் பிறந்தவர். 1779இல் கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கல்லூரியில் சேர்ந்ததும், மாணவர்கள் திருவிருந்தில் கட்டாயம் பங்கெடுக்க வேண்டும் என்று தெரியவந்தது. தகுதியில்லாமல் எப்படிப் போவது என்ற பயத்தில் பக்தி நூல்களைப் படிக்கத் தொடங்கியவர், அந்த ஈஸ்டரில் மனந்திரும்பினார். கட்டாயச் சடங்கே ஒருவரை உள்ளூர மாற்றியது வேடிக்கைதான்.

1782இல் கேம்பிரிட்ஜின் பரிசுத்த திரித்துவ ஆலயம் அவர் பொறுப்புக்கு வந்தது. சபையார் கேட்டிருந்தது வேறொருவரை. கோபத்தில் தங்கள் குடும்ப இருக்கைகளின் கதவுகளைப் பூட்டிவிட்டார்கள். சிமியோன் நடைபாதையில் பெஞ்சு போட்டார். ஆலய நிர்வாகிகள் அதைத் தூக்கி வெளியே எறிந்தார்கள். ஞாயிறு பிற்பகல் பிரசங்கத்தையும் பல ஆண்டுகள் அவருக்குக் கொடுக்கவில்லை. மனிதர் நகரவில்லை. 1836இல் இறக்கும்வரை 54 ஆண்டுகள் அதே ஆலயம்தான்.

சரி, ஓர் ஆலயத்தோடு இருந்தவருக்கு எப்படி இவ்வளவு செல்வாக்கு? கல்லூரி அறைதான் காரணம். வெள்ளிக்கிழமை மாலைகளில் தேநீரோடு மாணவர்களின் கேள்விகளுக்குப் பதில் சொன்னார். பிரசங்கம் செய்யத் தனியாகக் கற்றுக்கொடுத்தார். அவரைச் சுற்றித் திரிந்தவர்களைக் கேலியாக ‘சிம்கள்’ என்றார்கள். ஹென்றி மார்ட்டின் போன்றவர்கள் கிழக்கிந்தியக் கம்பெனியின் குருமாராக இந்தியா வந்ததற்குப் பின்னால் அவர் இருந்தார். அந்த வட்டத்து டேனியல் கோரி 1835இல் சென்னையின் முதல் பேராயரானார். 1799இல் இந்த அணியினர் சி.எம்.எஸ். (சர்ச் மிஷனரி சொசைட்டி) என்ற மிஷனரிச் சங்கத்தை உருவாக்கியதிலும் சிமியோனுக்குப் பங்குண்டு. எஸ்.பி.ஜி. என்பது அதே திருச்சபையின் இன்னொரு மிஷனரிச் சங்கம், இந்த அணியைச் சேர்ந்தது அல்ல. திருநெல்வேலியில் ‘சி.எம்.எஸ். காரர்’, ‘எஸ்.பி.ஜி. காரர்’ என்று பிரித்துப் பேசியதில் இந்த அணி வேறுபாட்டின் சாயலும் இருந்தது.

எனக்கு அதைவிடச் சுவாரசியமாகப் படுவது அவருடைய இன்னொரு வேலை. அன்றைய இங்கிலாந்தில் ஒரு சேகரத்துக்கு, அதாவது ஓர் ஆலயத்தின் எல்லைக்கு உட்பட்ட பகுதிக்கு, குருவை நியமிக்கும் உரிமை என்பது நிலபுலன் போல ஒரு சொத்தாக இருந்தது. விற்கவும் வாங்கவும் முடிந்தது. சிமியோன் பணம் திரட்டி அந்த உரிமைகளை வாங்கி ஓர் அறக்கட்டளையிடம் ஒப்படைத்தார். 1835இல் வந்த சட்டத்தால் நகராட்சிகள் தங்கள் உரிமைகளை விற்க வேண்டியிருந்தபோது இன்னும் பல கிடைத்தன. பாத் நகரின் பெரிய ஆலயத்துக்குக் குருவை முன்மொழிவது இன்றும் அந்த அறக்கட்டளைதான். பிரசங்கக் குறிப்புகளாக அவர் வெளியிட்ட 21 தொகுதிகளை இன்று எத்தனை பேர் புரட்டுகிறார்கள்? இந்த ஏற்பாடு மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது. காசு கொடுத்துக் குருபீடம் வாங்குவதா என்று முகம் சுளிப்பவர்கள், அந்த உரிமை ஏற்கனவே சந்தையில்தான் இருந்தது என்பதையும் நினைக்க வேண்டும்.

இனி தமிழ்ச் சொல். ‘சுவிசேஷகர்’, ‘நற்செய்தியாளர்’ இரண்டும் ஒத்துவராது. அவை ஊர் ஊராகப் போய் அறிவிப்பவரையோ நற்செய்தி நூலை எழுதியவரையோ குறிப்பவை. ‘சீர்திருத்தச் சபையார்’ என்றால் ஜெர்மன் பொருள் வந்துவிடும். ஆட்களை ‘நற்செய்தி மரபினர்’ என்றும், போக்கை ‘நற்செய்தி மரபு’ என்றும் எழுதலாம். மரபு என்ற சொல் சேர்ந்ததும் இது ஓர் அணி என்பது தெரிந்துவிடுகிறது. பழைய வேதாகம நடைக்குப் பழகிய வாசகருக்குச் ‘சுவிசேஷ மரபினர்’ என்றால் இன்னும் இயல்பாக இருக்கும். முதல் இடத்தில் மட்டும் இவாஞ்சலிக்கல் என்பதையும் கூடவே எழுதிவிடுங்கள். திருச்சபைகளின் பதிவான பெயர்களில் கை வைக்க வேண்டாம்.