சிதறிய கதிர் வலுவிழந்த கதிர் அன்று

சில வாரங்களுக்கு முன் ஒரு சிகிச்சை அறையில் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆய்வுக்காக நின்றிருந்தேன். சிகிச்சையின்போதே உடலின் உட்புறத்தை எக்ஸ் கதிரால் படமாகக் காட்டும் சி-ஆர்ம் கருவி இயங்கிக்கொண்டிருந்தது. எக்ஸ் கதிர்க் குழாய் பக்கவாட்டில் சாய்க்கப்பட்டிருந்தது. குழாய் இருந்த அதே பக்கத்தில், நோயாளியின் இடுப்பிலிருந்து ஒரு கை நீளத் தொலைவில், ஒரு செவிலியர் கருவித் தட்டைப் பிடித்தபடி நின்றிருந்தார். ஈய ஏப்ரன் அணிந்திருந்தார். கழுத்தில் தைராய்டு காலர் இல்லை, கண்ணுக்கு ஈயக் கண்ணாடி இல்லை, உடல் பெறும் கதிர் அளவைப் (டோஸ்) பதியும் பேட்ஜ் வெளியே அலமாரியில் இருந்தது. வேலை முடிந்ததும் அவரைத் தனியே அழைத்துக் கேட்டபோது, "கதிர் நோயாளி மேலதானே சார் விழுது? எனக்கு வர்றது சிதறினதுதானே?" என்றார்.

இந்தப் பதிலை மருத்துவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். தொழில்நுட்பப் பணியாளர்கள், ஆய்வக மாணவர்கள், ஆண்டுக்கணக்கில் கதிர் மூலங்களைக் கையாண்ட பொறியாளர்கள் சொல்லியும் கேட்டிருக்கிறேன். அந்தச் செவிலியர் மீது எனக்குத் துளியும் கோபம் இல்லை. அவருக்கு ஏப்ரனைக் கொடுத்தவர்கள் அதை எதற்காக அணிகிறோம் என்பதைச் சொல்லவில்லை. நேர்க்கற்றையைத் தடுப்பதற்காக எவரும் ஏப்ரன் அணிவதில்லை, ஏனெனில் நேர்க்கற்றையில் பணியாளர் நிற்கவே கூடாது. ஏப்ரன், காலர், கண்ணாடி, தொங்கும் ஈயத்திரை ஆகிய எல்லாமே சிதறிய கதிருக்காகத்தான்.

இந்தக் குழப்பத்தில் மொழிக்கும் ஒரு பங்கு உண்டு என்று எனக்கு நெடுநாளாகத் தோன்றுகிறது. கண்ணாடி விழுந்து சிதறியது என்றால் அது உடைந்துவிட்டது, இனி உதவாது என்று பொருள். அதனால் சிதறல் என்ற சொல்லைக் கேட்டவுடன் நொறுங்கிப்போன, வலுவிழந்த ஏதோவொன்று மனத்தில் வந்து அமர்ந்துவிடுகிறது. இயற்பியலில் சிதறல் என்பது கூட்டம் சிதறுவதைப் போன்றது. ஒரே திசையில் சென்றுகொண்டிருந்த கூட்டம் நாற்புறமும் பிரிந்து ஓடுகிறது, ஆனால் ஓடுகிற ஒவ்வொருவரும் முழு மனிதராகவே ஓடுகிறார். கலைவது கற்றையின் ஒழுங்கு மட்டுமே. தனித்தனி ஃபோட்டானும் (கதிரின் ஆற்றல் பொட்டலம்) தனித்தனி துகளும் தம் ஆற்றலை இழந்தே தீரவேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

மீட்சிச் சிதறல் என்பதற்குப் பாடநூல் தரும் வரையறையே இதைச் சொல்கிறது: மோதும் இரண்டின் உள்நிலையும் மாறுவதில்லை, மோதலுக்கு முன்னும் பின்னும் இயக்க ஆற்றலின் கூட்டுத்தொகை ஒன்றாகவே இருக்கிறது. கூட்டுத்தொகை என்ற சொல்லை இங்கே அடிக்கோடிட்டுக் கொள்ளுங்கள். அந்தத் தொகையை இருவரும் எப்படிப் பங்கிட்டுக்கொள்கிறார்கள் என்பது அவர்களின் நிறைகளையும் திரும்பும் கோணத்தையும் பொறுத்தது. 1909ஆம் ஆண்டில் கைகரும் மார்ஸ்டெனும் உலோகத் தகடுகளின் மீது ஆல்ஃபா துகள்களை (ஹீலியம் அணுக்கருக்களை) செலுத்தியபோது, ஏறக்குறைய 8,000 துகள்களில் ஒன்று வந்த பக்கமே திரும்பியது. அந்த முடிவிலிருந்துதான் ரூதர்போர்டு 1911இல் அணுக்கருவின் இருப்பை வகுத்தார். எண்ணிக்கையில் அரிதான அந்தத் துகள்களின் ஆற்றலைக் கணக்கிட்டுப் பாருங்கள். தங்கத்தின் அணுக்கருவில் நேருக்கு நேர் மோதி முற்றிலும் பின்னோக்கித் திரும்பும் ஆல்ஃபா துகள் தன் ஆற்றலில் சுமார் 92 சதவீதத்தை வைத்துக்கொண்டே திரும்புகிறது. அதைச் சிதறியதுதானே என்று சொல்லிக் கையை நீட்ட முடியாது.

எக்ஸ் கதிருக்கு வருவோம். மருத்துவப் படமெடுப்பில் மீட்சிச் சிதறல், அதாவது ராலே சிதறல், சிறு பங்கு மட்டுமே வகிக்கிறது. அதில் ஃபோட்டான் ஆற்றலை இழப்பதே இல்லை, பெரும்பாலும் சிறிய கோணத்தில் முன்னோக்கியே விலகுகிறது. அறையில் நிற்பவரை வந்தடையும் கதிரில் பெரும்பகுதி காம்ப்டன் சிதறலால், அதாவது ஃபோட்டான் ஓர் எலக்ட்ரானில் மோதி, தன் ஆற்றலில் ஒரு பகுதியை அதற்குக் கொடுத்துவிட்டுத் திசைமாறுவதால், வருவது. (ஃபோட்டானையும் கட்டற்ற எலக்ட்ரானையும் சேர்த்துப் பார்த்தால் இதுவும் மீட்சி மோதலே. ஃபோட்டானின் ஆற்றல் குறைவதாலும் எலக்ட்ரான் அணுவை விட்டு வெளியேறுவதாலும் எங்கள் துறையில் இதை மீட்சியற்ற வகையில் சேர்ப்போம். தேர்வில் இதற்காக மாணவர்களின் மதிப்பெண்ணைக் குறைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.) 60 கிலோ எலக்ட்ரான் வோல்ட் (துகள்களின் ஆற்றலை அளக்கும் அலகு) ஆற்றலுள்ள ஒரு ஃபோட்டான் செங்கோணத்தில் சிதறினால் அதனிடம் ஏறக்குறைய 54 எஞ்சியிருக்கும். முற்றாகப் பின்னோக்கித் திரும்பினாலும் ஏறக்குறைய 49 இருக்கும். மிக மோசமாகச் சிதறியும் ஐந்தில் நான்கு பங்கு ஆற்றலோடு வருகிற கதிரைத்தான் வலுவிழந்ததாக நம்பிக்கொண்டிருக்கிறோம்.

எண்ணிக்கை குறைகிறது என்பது உண்மை, அதை நான் மறைக்கப்போவதில்லை. நோயாளியின் மீது விழும் கதிர்ச் செறிவில் தோராயமாக ஆயிரத்தில் ஒரு பங்குதான், பக்கவாட்டில் 1 மீட்டர் தொலைவில் நிற்பவரை வந்தடைகிறது என்பது நாங்கள் நடைமுறையில் பயன்படுத்தும் மதிப்பீடு. கதிர் விழும் பரப்பு சுமார் 400 சதுர செ.மீ. என்று கொண்டால் இது பொருந்தும். ஆனால் நோயாளி அந்த மேசையில் ஒருமுறையோ இருமுறையோ படுக்கிறார். செவிலியரும் மருத்துவரும் நாள்தோறும், ஆண்டுதோறும், பணிக்காலம் முழுவதும் அதன் அருகே நிற்கிறார்கள். ஆயிரத்தில் ஒரு பங்கு ஆயிரம் முறை சேர்ந்தால் எவ்வளவு என்பதற்கு இயற்பியல் தேவையில்லை.

அன்று அந்தச் செவிலியரிடம் இதையெல்லாம் வாயால் சொல்லவில்லை. அறை ஓய்ந்த பிறகு, நோயாளியின் உடலுக்கு ஈடாக நீர் நிரப்பிய பிளாஸ்டிக் தொட்டி ஒன்றை மேசையில் வைத்து, குழாயை முன்போலவே சாய்த்து, ஏப்ரனும் காலரும் கண்ணாடியும் அணியச் செய்து, கதிரின் அளவைக் காட்டும் சர்வே மீட்டரை அவர் கையிலேயே கொடுத்தேன். முதலில் குழாய் இல்லாத பக்கம், உடலைக் கடந்து வரும் கதிரைப் பெற்றுப் படமாக்கும் படவாங்கியின் அருகே நின்று அளந்தார். பிறகு மேசையைச் சுற்றி வந்து, அதே தொலைவில், குழாய் இருக்கும் பக்கம் அளந்தார். மீட்டரின் முள் எழும்பியதைப் பார்த்ததும் அவர் தாமாகவே ஓரடி பின்வாங்கினார். அரை மீட்டரிலிருந்து 1 மீட்டருக்கு நகரச் சொன்னேன், முள் ஏறக்குறைய கால் பங்குக்கு இறங்கியது. "இவ்வளவு நாளா நான் இந்தப் பக்கம்தான் சார் நின்னேன்" என்று மெல்லிய குரலில் சொன்னார். என்னிடம் அதற்குப் பதில் இல்லை.

குழாய்ப் பக்கம் ஏன் மோசம் என்பதை ஒரு வரியில் சொல்லிவிடலாம். கதிர் உடலுக்குள் நுழையும் இடத்தில்தான் மிகச் செறிவாக இருக்கிறது, அங்கிருந்து பின்னோக்கிச் சிதறுவதைத் தடுக்க இடையில் எதுவும் இல்லை. மறுபுறம் செல்ல வேண்டிய கதிரை நோயாளியின் உடலே பெருமளவு உறிஞ்சிவிடுகிறது. ஆகவே குழாயை இயன்றவரை மேசைக்குக் கீழே வையுங்கள். பக்கவாட்டில் சாய்க்கும்போது படவாங்கி இருக்கும் பக்கம் நில்லுங்கள். முதுகு திறந்த ஏப்ரனை அணிந்துகொண்டு நோயாளிக்கு முதுகைக் காட்டி நிற்காதீர்கள். கதிர் விழும் பரப்பைத் தேவையான அளவுக்குச் சுருக்குங்கள், சிதறலும் அதற்கேற்பச் சுருங்கும். காலர் கழுத்தை உறுத்துகிறது, கண்ணாடி கனக்கிறது என்ற முறையீடுகள் எனக்குத் தெரியும். நானும் அவற்றை அணிகிறவன்தான். ஆனால் பன்னாட்டுக் கதிரியல் பாதுகாப்பு ஆணையம் 2011ஆம் ஆண்டில் கண்வில்லைக்கான பணியிட வரம்பை ஆண்டுக்கு 150 மில்லிசீவர்ட்டிலிருந்து (கதிர் டோஸை அளக்கும் அலகு) 20 மில்லிசீவர்ட்டுக்கு, அதாவது ஐந்தாண்டுச் சராசரியாக 20, எந்த ஓர் ஆண்டிலும் 50ஐத் தாண்டாமல் என்று குறைத்தது. முன்பு கருதியதைவிடக் குறைந்த அளவிலேயே கண்புரை உருவாகலாம் என்று தெரியவந்ததே அதற்குக் காரணம். கண்ணாடி அணியுங்கள் என்று இனியும் கெஞ்சவேண்டிய நிலை வரக்கூடாது.

இன்னொரு பக்கம், தேவையற்ற அச்சமும் இதே அறைகளில்தான் உலவுகிறது. கருவியை அணைத்த பிறகும் சிதறிய கதிர் அறைக்குள் சுற்றிக்கொண்டிருக்கும் என்று நம்பி ஐந்து நிமிடம் கழித்து உள்ளே வருபவர்களைப் பார்த்திருக்கிறேன். சிதறல் நொடியின் கோடியில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடுகிறது. 5 மீட்டர் அறையைக் கடக்க ஃபோட்டானுக்கு அதைவிடவும் குறைந்த நேரமே தேவை. எக்ஸ் கதிர் பட்ட நோயாளியோ மேசையோ கதிரியக்கம் பெறுவதும் இல்லை. கருவி அணைந்தபின் அஞ்சி விலகி நிற்பவரே, அது இயங்கும்போது குழாய்ப் பக்கம் அஞ்சாமல் நிற்பதைக் காணும்போதுதான் எனக்குப் பொறுக்கமுடியாமல் போகிறது. (புற்றுநோய்ச் சிகிச்சைக்கான உயர் ஆற்றல் முடுக்கிகளின் நிலை வேறு. அங்கே 10 மெகா வோல்ட்டுக்கு மேல் நியூட்ரான்கள் உண்டாகி, கருவியின் பாகங்கள் சிறிது நேரம் கதிரியக்கத்தோடு இருக்கக்கூடும்.)

நியூட்ரான்கள் என்றதும் மற்றொரு ஆய்வு நினைவுக்கு வருகிறது. ஓர் ஆய்வகத்தில் அமெரிசியம்-பெரிலியம் நியூட்ரான் மூலத்தைச் சுற்றிலும் ஈயக் கட்டிகளை அழகாக அடுக்கி வைத்திருந்தார்கள். காமா அளக்கும் மீட்டரை வைத்துப் பார்த்து, அளவு இறங்கிவிட்டது, பாதுகாப்பு ஆயிற்று என்று பதிவேட்டில் எழுதியும் இருந்தார்கள். அந்த மீட்டருக்கு நியூட்ரானே தெரியாது. பொறுப்பாளரிடம் கேட்டபோது, "நியூட்ரான் மீட்சிச் சிதறல்தானே அடைகிறது, அதில் ஆற்றல் இழப்பே கிடையாதே, உடலுக்கு என்ன தீங்கு?" என்றார். படித்தவர் அவர், வரையறையை மனப்பாடமாக அறிந்தவர். கூட்டுத்தொகை மாறாது என்பதை, உடலுக்கு எதுவும் கைமாறாது என்று புரிந்துகொண்டிருந்தார்.

கைமாறுகிறது, அதுவும் பெருமளவில். தன்னைப்போலவே நிறையுள்ள ஹைட்ரஜன் அணுக்கருவில் மோதும் நியூட்ரான், சராசரியாகத் தன் ஆற்றலில் பாதியை ஒரே மோதலில் கொடுத்துவிடுகிறது. நேருக்கு நேர் மோதினால் முழுவதையும் கொடுத்துவிட்டு நின்றுவிடலாம். நம் உடல் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு ஹைட்ரஜன். வேக நியூட்ரான்கள் திசுக்களில் ஏற்படுத்தும் டோஸில் பெரும்பகுதி இந்த மீட்சிச் சிதறலால் உதைக்கப்பட்டு ஓடும் புரோட்டான்களால் வருகிறது. அவை குறுகிய தொலைவுக்குள் அடர்த்தியாக அயனிகளை உண்டாக்குவதால், எக்ஸ் கதிருக்கு 1 என்று வைக்கப்படும் கதிர்வீச்சு எடைக்காரணி (ஒரே அளவு ஆற்றல் எவ்வளவு தீங்கு செய்யும் என்பதன் ஒப்பீட்டு எண்), 1 மெகா எலக்ட்ரான் வோல்ட் அளவிலான நியூட்ரானுக்கு ஏறக்குறைய 20 ஆகிறது. சிதறலில் ஆற்றல் அழிவதில்லை, நம் திசுவிலுள்ள புரோட்டானுக்கு மாறுகிறது. தீங்கு அங்கேதான் தொடங்குகிறது.

ஈயம் இங்கே ஏன் உதவவில்லை என்பதும் அதே கணக்குதான். ஈயத்தின் அணுக்கரு நியூட்ரானைவிட 200 மடங்குக்கு மேல் கனமானது, ஒரு மீட்சி மோதலில் நியூட்ரான் அதிகபட்சம் 2 சதவீதம் அளவுக்கே இழக்கும். 2 மெகா எலக்ட்ரான் வோல்ட் நியூட்ரானை அறை வெப்பநிலைக்குரிய வேகத்துக்குக் கொண்டுவர ஹைட்ரஜனில் சராசரியாக 18 மோதல்கள் போதும், ஈயத்தில் ஏறக்குறைய 1,900 மோதல்கள் வேண்டும். (மிக உயர்ந்த ஆற்றலில் கன உலோகங்கள் மீட்சியற்ற சிதறலால் சற்று உதவும். அங்கும் அதன் பின்னால் ஹைட்ரஜன் மிகுந்த அடுக்கு இல்லாமல் வேலை முடியாது.) எனவே நியூட்ரான் மூலத்துக்கு முதலில் நீர், பாரஃபின், பாலிஎத்திலீன் போன்றவற்றை வையுங்கள். வேகம் குறைந்த நியூட்ரான்களை விழுங்க அதில் போரான் கலந்திருக்கட்டும். ஹைட்ரஜன் நியூட்ரானைப் பிடிக்கும்போது 2.2 மெகா எலக்ட்ரான் வோல்ட் காமா கதிர் வெளிப்படும், ஈயம் தேவையெனில் அதற்காக வெளிப்புறத்தில் வரட்டும். வரிசை மாறினால் செலவழித்த ஈயம் முழுவதும் வீண்.

காமா மீட்டரை வைத்துக்கொண்டு நியூட்ரான் அறைக்குள் நுழையாதீர்கள். பாலிஎத்திலீன் உருண்டைக்குள் உணரி பொதிந்த நியூட்ரான் மீட்டர் வேண்டும். அந்த உருண்டை வேலை செய்வதும் மீட்சிச் சிதறலால்தான், வேக நியூட்ரானை அது மெதுவாக்கி உணரியிடம் கொண்டுசேர்க்கிறது. உங்கள் சட்டையிலுள்ள பேட்ஜும் அப்படியே. எக்ஸ் கதிருக்கும் காமாவுக்கும் ஆன சாதாரண பேட்ஜை நம்பி வேக நியூட்ரான்களுக்கு அருகே நிற்கக்கூடாது. உதைபட்ட புரோட்டான்கள் பதித்த நுண்தடங்களைக் காட்டும் தனி பிளாஸ்டிக் துண்டு அதற்குத் தேவை. உங்கள் பேட்ஜில் அது இருக்கிறதா என்று பொறுப்பாளரிடம் கேளுங்கள். உடனே பதில் வராவிட்டால், பதில் வரும்வரை மூலத்தை அதன் கலத்திலிருந்து வெளியே எடுக்கவேண்டாம்.